46 வருடம் தனியாளாக நின்றவர்: எர்னி சேம்பர்ஸ்

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கடவுள்மேல் வழக்குப் போட்டாராமே, உண்மையா? விளம்பரத்துக்காகச் செய்ததா? அதைத் தவிர அவர் என்னதான் செய்தார்?"

வழக்கு உண்மைதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். எர்னி சேம்பர்ஸ் என்ற பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்த வழக்குதான் என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. 49 பேர் கொண்ட அவையில், பின்னால் கட்சி என்று ஒன்று இல்லாமல், பல காலம் அங்கே ஒரே கறுப்பின உறுப்பினராக உட்கார்ந்து, மரண தண்டனையையே ஒரு மாநிலத்தில் ஒழித்துக் காட்டியவர் அவர். அது நிலைக்கவில்லை என்பது வேறு கதை. அதையும் சொல்கிறேன்.

முதலில் அந்த அவையைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தனி மனிதருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்பது பிடிபடாது. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 49-இல் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். நெப்ராஸ்காவில் மட்டும் ஒன்றே ஒன்று. ஜார்ஜ் நாரிஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1934-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஜெயிக்கவைத்த ஏற்பாடு இது. 1937-இல் புதிய அவை கூடியது. சேம்பர்ஸ் பிறந்ததும் அதே 1937-இல்தான். இன்னொரு வித்தியாசம், இங்கே வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. உறுப்பினர்கள் குடியரசுக் கட்சியோ ஜனநாயகக் கட்சியோ சேர்ந்தவர்களாக இருக்கலாம், ஆனால் அவைக்குள் கட்சிக் கொறடா கிடையாது, ஆளும் வரிசை எதிர் வரிசை கிடையாது. ஒரு வருடம் 90 வேலைநாள், அடுத்த வருடம் 60 வேலைநாள், அவ்வளவுதான் கூட்டத்தொடர். ஒவ்வொரு மசோதாவும் மூன்று கட்டம் தாண்டியாக வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் விஷயம் நேரம். 60 நாளில் எல்லாருடைய மசோதாவும் முடிந்தாக வேண்டும். அந்த நேரத்தை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர்தான் பலசாலி. சேம்பர்ஸ் இதைக் கண்டுகொண்டார்.

அவர் வளர்ந்த ஊர் நெப்ராஸ்காவிலுள்ள ஒமாஹா. ரயில்வேயும் இறைச்சித் தொழிற்சாலைகளும் வளர்த்த நகரம். அந்த வேலைகளுக்காகத் தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு ஒமாஹாவில் ஒதுக்கப்பட்டன. அதைத் தாண்டி வீடு வாங்க வங்கியும் கடன் தராது, தரகரும் காட்டமாட்டார். 1919-இல் வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளியை டக்ளஸ் கவுன்டி (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்து, உள்ளேயிருந்து இழுத்து வந்து ஒரு கும்பல் கொன்ற ஊர் அது. கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் பிறந்ததும் அந்த ஊரில்தான். சேம்பர்ஸின் அப்பா ஒரு பிரசங்கியார். பிரசங்கியார் வீட்டுப் பிள்ளைக்கு விவிலியம் மனப்பாடம். பிற்காலத்தில் மதத்தை அடியோடு விட்டுவிட்டபோதும் அவைப் பேச்சில் வசனம் வசனமாக எடுத்து எதிராளியை மடக்குவார்.

கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து 1959-இல் பட்டம் வாங்கினார். தபால் நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே வெள்ளை மேலதிகாரிகள் வயதுவந்த கறுப்பின ஊழியர்களைப் 'பையா' என்று கூப்பிடுவதை எதிர்த்துக் கேட்டார். கீழ்ப்படியாமை என்று சொல்லி 1963-இல் வேலையை விட்டு எடுத்தார்கள். அமெரிக்க அஞ்சல் துறைத் தலைவர் ஒமாஹாவுக்குப் பேச வந்தபோது, பாகுபாட்டை எதிர்த்துப் பேசினேன், என்னை நீக்கினார்கள் என்று எழுதிய அட்டையோடு வாசலில் போய் நின்றார்.

பிறகு சலூனில் முடிவெட்டும் வேலை. பட்டம் வாங்கியவர் கத்தரிக்கோல் பிடித்தார் என்று இரக்கப்பட வேண்டாம், அந்தச் சலூன்தான் அவருடைய முதல் சட்டமன்றம். வடக்கு ஒமாஹாவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அங்கே வந்துசேரும். போலீஸ் அடித்தது, வாடகை வீட்டுக்காரர் துரத்தியது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை நடத்திய விதம், எல்லாம் வரும். 1966-இல் எடுக்கப்பட்ட 'எ டைம் ஃபார் பர்னிங்' என்ற ஆவணப்படத்தில் அந்தச் சலூனைப் பார்க்கலாம். தன் வெள்ளைச் சபையினரைக் கறுப்பினக் கிறிஸ்தவர்களோடு பழகவைக்க முயலும் ஒரு லூத்தரன் போதகரைப் பற்றிய படம். அந்தப் போதகர் சலூனுக்கு வருகிறார். சேம்பர்ஸ் வாடிக்கையாளருக்கு முடி வெட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், உங்கள் மதம் எங்களுக்கு என்ன செய்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். போதகரிடம் பதில் இல்லை. அப்படியே கேட்டுக்கொண்டு நிற்கிறார். படம் முடிவதற்குள் அவருடைய சபையே அவரை வேலையை விடும் நிலைக்குத் தள்ளிவிடுகிறது. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம் அது.

அதே 1966 கோடையில் ஒமாஹாவில் கலவரம் மூண்டது. மேயரோடும் ஆளுநரோடும் பேச வடக்கு ஒமாஹா மக்கள் அனுப்பியவர்களில் சேம்பர்ஸ் முன்னால் நின்றார். (ஆளுநர் என்றால் அங்கே மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், முதலமைச்சருக்கு நிகரான பொறுப்பு.) 1970-இல் 11-ஆம் தொகுதியில் நின்று ஜெயித்தார். 1971 ஜனவரியில் லிங்கன் நகரில் இருக்கும் தலைமைச் செயலகக் கோபுரக் கட்டடத்துக்குள் உறுப்பினராக நுழைந்தார். அங்கே உறுப்பினர்களை செனட்டர் என்றே அழைப்பார்கள். கோட்டும் டையும் அணிந்த செனட்டர்களுக்கு நடுவே ஜீன்ஸும் அரைக்கைச் சட்டையும். கடைசி நாள்வரை அந்த உடைதான். காலையில் அவை கூடும்போது நடக்கும் பிரார்த்தனைக்கு உள்ளே இருக்கமாட்டார். சம்பளம் சொற்பம். 1988-இல் மக்கள் ஓட்டுப்போட்டு வருடத்துக்கு 12,000 டாலர் என்று உயர்த்தினார்கள், இன்றுவரை அவ்வளவுதான். நெப்ராஸ்காவில் சட்டமன்றப் பதவியை வைத்துப் பிழைப்பு நடத்த முடியாது.

அவருடைய ஆயுதம் விதிப் புத்தகம். அவை விதிகளை வரிக்கு வரி தெரிந்தவர் அவரைப்போல் இன்னொருவர் இல்லை என்று எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். மசோதாக்களை அவர் முழுவதும் படிப்பார். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் எந்தச் சட்டமன்றத்திலும் அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ஒரு மசோதா பிடிக்காவிட்டால் அதற்குத் திருத்தம்மேல் திருத்தம் கொடுப்பார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் விவாத நேரம் உண்டு. அது தோற்றால் மறுபரிசீலனை கோரும் தீர்மானம், அதற்கும் விவாதம். மசோதாவைத் தள்ளிவைக்க ஒரு தீர்மானம், குழுவுக்குத் திருப்பி அனுப்ப ஒரு தீர்மானம். இதை அங்கே ஃபிலிபஸ்டர் என்பார்கள், பேசிப்பேசியே நேரத்தைத் தின்பது. விவாதத்தை முடித்துவை என்று சொல்ல 33 ஓட்டு வேண்டும். கூட்டத்தொடர் முடிய பத்து நாள் இருக்கும்போது ஒரு செனட்டருக்குத் தன் மசோதா நிறைவேற வேண்டுமென்றால், முதலில் சேம்பர்ஸின் மேசைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதுதான் வழி. வருபவரிடம் இதிலுள்ள இந்த வரியை எடு, இந்தத் தண்டனையைக் குறை என்று கேட்பார். அவர் பெயரே இல்லாத எத்தனையோ சட்டங்களில் அவர் நீக்கியதும் சேர்த்ததும் இருக்கிறது. அதை எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது.

பெயர் சொல்லக்கூடியவையும் உண்டு. ஒமாஹா நகர்மன்றத்துக்கு முன்பெல்லாம் நகரம் முழுவதும் ஒரே தொகுதியாகத்தான் தேர்தல். வெள்ளையர் பெரும்பான்மையான ஊரில் அப்படி நடத்தினால் வடக்கு ஒமாஹாவிலிருந்து ஒருவரும் ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் இல்லை. வட்டாரவாரித் தேர்தலுக்குச் சட்டம் கொண்டுவந்தார். 1981-இல் முதல் கறுப்பின உறுப்பினர் நகர்மன்றத்துக்குப் போனார். என்னைக் கேட்டால் அவருடைய மிக நீடித்த சாதனை இதுதான். யாரும் இதைப் பற்றிச் செய்தி போடுவதில்லை, அவ்வளவு இயல்பாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது, அங்கே வியாபாரம் செய்யும் நிறுவனங்களிலிருந்து மாநிலத்தின் ஓய்வூதியப் பணத்தை எடுக்கச் சொல்லி 1980-இல் தீர்மானம் கொண்டுவந்து ஜெயித்தார். சோளமும் மாடும் வளர்க்கும், மிகப் பழமைவாதமான ஒரு மாநிலம் இந்த விஷயத்தில் மற்ற மாநிலங்களை முந்திக்கொண்டதற்கு அவர் ஒருவரே காரணம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதைத் தடுக்கும் சட்டத்துக்கும் அவர்தான் பாடுபட்டார். பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்களை வைத்துக் கோடிக்கணக்கில் சம்பாதித்துவிட்டு அவர்களுக்குக் கூலி கொடுக்காமலிருப்பது சுரண்டல் என்று 1980-களிலேயே மசோதா போட்டவர். அன்று அது நடைமுறைக்கு வரவில்லை. இன்று அமெரிக்கா முழுவதும் கல்லூரி விளையாட்டு வீரர்கள் பணம் வாங்குகிறார்கள்.

பிரார்த்தனை வழக்கைச் சொல்லாமல் விட முடியாது. நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் 1965 முதல் ஒரே பிரெஸ்பிட்டேரியன் போதகர் பிரார்த்தனை நடத்தினார், அவைக் கூட்டம் நடக்கும் மாதங்களில் அரசுப் பணத்திலிருந்து மாதம் 319.75 டாலர் அவருக்குச் சம்பளம். அரசும் மதமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிற அரசியலமைப்புக்கு இது எதிரானது என்று சேம்பர்ஸ் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் பிரார்த்தனை செய்யலாம், சம்பளம் கூடாது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுமே கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1983-இல் 6-க்கு 3 என்ற கணக்கில் அவர் தோற்றார். அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை எழுதிய அதே 1789 நாடாளுமன்றம் சம்பளத்துக்குப் போதகரை வைத்துக்கொண்டது, ஆகவே இது மரபு என்றார் தலைமை நீதிபதி பர்கர். நீதிபதி பிரென்னன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பைத்தான் நான் இன்றும் வலுவானதாக நினைக்கிறேன். மார்ஷ் எதிர் சேம்பர்ஸ் என்ற அந்த வழக்கு அரசுக் கூட்டங்களில் பிரார்த்தனைக்கு ஆதரவாக இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2014-இல் நியூயார்க் மாநிலத்து ஊராட்சி ஒன்றின் வழக்கிலும் அதை வைத்தே தீர்ப்புச் சொன்னார்கள். எதை எதிர்த்தாரோ அதற்கே அவர் பெயர் முன்னுதாரணமாகிப் போனது. இடையில் 1979-இல் சட்டப் படிப்பையும் முடித்திருந்தார். ஆனால் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளவில்லை.

இனி மரண தண்டனை. அவர் வாழ்க்கையின் நடுத்தண்டு இதுதான். ஏறத்தாழ ஒவ்வொரு சட்டமன்றக் காலத்திலும் ஒழிப்பு மசோதாவைப் போட்டுக்கொண்டே இருந்தார். 1979-இல் அவை அதை நிறைவேற்றியது, ஆளுநர் சார்லஸ் தோன் கையெழுத்திட மறுத்துத் தடுத்தார். அதன் பிறகு பல வருடம் குழுவிலேயே செத்துப்போகும், அல்லது அவையில் சில ஓட்டில் தோற்கும். அவர் அடுத்த முறை மறுபடி போடுவார். 2008-இல் மாநில உச்ச நீதிமன்றம் மின்சார நாற்காலி கொடூரமானது என்று தடைசெய்தது. அன்று நெப்ராஸ்காவில் இருந்த ஒரே முறை அதுதான், ஆகவே தண்டனைச் சட்டம் இருந்தும் நிறைவேற்ற வழியில்லாமல் போனது. பிறகு விஷ ஊசி முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கான மருந்தை விற்க நிறுவனங்கள் மறுத்தன. இந்தியாவிலிருந்த ஓர் இடைத்தரகரிடம் 54,400 டாலர் கொடுத்து மருந்து வாங்க முயன்றது மாநில அரசு. மருந்தும் வந்து சேரவில்லை, பணமும் திரும்பி வரவில்லை.

2015 வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு குழு விசாரணையில் சேம்பர்ஸ் பேசிய பேச்சு நாடு முழுவதும் பரவியது. எங்கள் மக்களுக்கு ஐஎஸ்ஐஎஸ் என்றால் அது போலீஸ்தான் என்றார், தன்னிடம் ஆயுதம் இருந்தால் அதற்கு எதிராகத்தான் பயன்படும் என்ற பொருளிலும் பேசினார். பதவி விலகச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். 1969-இல் அவருடைய வட்டாரத்தில் 14 வயதுச் சிறுமியைப் போலீஸ்காரர் ஒருவர் பின்னந்தலையில் சுட்டுக் கொன்றார். அந்தப் போலீஸ்காரரைத் தண்டிக்காமல் விட்ட நாளிலிருந்து சேர்ந்த கோபம் அது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பேச்சை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

அதிலிருந்து இரண்டே மாதம். அவரைக் கண்டித்த அதே அவையில், குடியரசுக் கட்சிக்காரர்கள் பெரும்பான்மையாக இருந்த அவையில், மரண தண்டனை ஒழிப்பு மசோதா 32-க்கு 15 என்று நிறைவேறியது. பழமைவாத உறுப்பினர்கள் சிலர் தங்கள் வழியிலேயே அந்த முடிவுக்கு வந்திருந்தார்கள். உயிர் புனிதம் என்று கருக்கலைப்பை எதிர்ப்பவன் இதை எப்படி ஆதரிப்பது என்றார்கள் சிலர். அரசாங்கத்துக்கு இவ்வளவு செலவும் செய்து ஒரு காரியத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியவில்லை, எதற்கு இந்தச் சட்டம் என்றார்கள் சிலர். சேம்பர்ஸ் 40 வருடம் ஒரே கேள்வியை மேசைமேல் வைத்துக்கொண்டே இருந்ததால்தான், அவர்கள் வந்து சேர்ந்தபோது அது அங்கே இருந்தது. ஆளுநர் பீட் ரிக்கெட்ஸ் மே 26 அன்று தடுத்தார். தடையை மீற 30 ஓட்டு வேண்டும். மறுநாள் கிடைத்தது சரியாக 30. எதிர்ப்பு 19. ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால் முடிந்திருக்கும்.

ரிக்கெட்ஸ் விடவில்லை. கையெழுத்து இயக்கம் நடந்தது, அதற்கு ஆளுநர் தன் சொந்தப் பணத்தையும் கொடுத்தார். 2016 நவம்பர் பொதுவாக்கெடுப்பில் சுமார் 61 விழுக்காடு மக்கள் மரண தண்டனை திரும்ப வேண்டும் என்று ஓட்டுப்போட்டார்கள். 2018 ஆகஸ்ட் 14 அன்று கேரி டீன் மூர் என்ற கைதிக்கு அது நிறைவேற்றப்பட்டது. நெப்ராஸ்காவில் 1997-க்குப் பிறகு அதுவே முதல் தண்டனை. ஃபென்டனில் என்ற வலிமருந்தை மரண தண்டனைக்குப் பயன்படுத்தியது அமெரிக்காவிலேயே அதுதான் முதல் முறை. அவையில் 40 வருடம் எடுத்த வேலையை வாக்குச்சாவடி ஒரே நாளில் கலைத்துப்போட்டது. அவை விதிகளில் கரைகண்டவருக்கு அவைக்கு வெளியே அந்த பலம் இல்லை. இது அவருடைய எல்லை என்று நான் நினைக்கிறேன்.

வாக்குச்சாவடி அவருக்கு எதிராக வேலை செய்தது அது முதல் முறையும் அல்ல. 2000-இல், தொடர்ந்து இரண்டு முறைக்குமேல் (ஒரு முறை என்றால் நான்கு வருடம்) யாரும் சட்டமன்றத்தில் இருக்கக் கூடாது என்று மாநில அரசியலமைப்பைத் திருத்தினார்கள். அவரைக் கிளப்பத்தான் இந்த ஏற்பாடு என்று நெப்ராஸ்காவில் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். 2009-இல் வெளியேறினார். தொடர்ந்து என்றுதான் விதி, ஆகவே நான்கு வருடம் காத்திருந்து 2012-இல் நின்று, பதவியிலிருந்தவரைத் தோற்கடித்து, தன் 75-ஆவது வயதில் திரும்பி வந்தார். இந்த முறையும் இரண்டு தடவை. 2021 ஜனவரியில் விடைபெறும்போது மொத்தம் 46 வருடம், அந்த மாநிலத்தில் வேறு யாரும் அவ்வளவு காலம் இருந்ததில்லை. திரும்பி வந்ததும் முதலில் கையில் எடுத்தவற்றில் ஒன்று, தான் இல்லாதபோது மலைச்சிங்க (பூமா) வேட்டைக்கு அனுமதி கொடுத்து இயற்றிய சட்டம். அதை ரத்துசெய்யும் மசோதாவை 2014-இல் நிறைவேற்றினார், ஆளுநர் தடுத்துவிட்டார். மிருகங்கள்மேல் அவருக்கு உள்ளூரப் பாசம்.

எல்லாவற்றிலும் நான் அவர் பக்கம் இல்லை. 2006-இல் ஒமாஹா பள்ளி மாவட்டத்தை, அதாவது ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்த அரசுப் பள்ளிகளை, மூன்றாகப் பிரிக்கும் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் ஒன்று பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள், ஒன்று வெள்ளையர், ஒன்று லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோ. இனப் பிரிவினையைச் சட்டமாக்குகிறார் என்று எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் வந்தது. பள்ளிகள் ஏற்கெனவே பிரிந்துதான் கிடக்கின்றன, எங்கள் பிள்ளைகளின் பள்ளியை நாங்களாவது நடத்துகிறோமே என்பது அவர் வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பணமும் வரியும் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கிருந்து கறுப்பினப் பிள்ளைகளைச் சட்டத்தின் மூலமே துண்டித்துவிடும் அபாயத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று நினைக்கிறேன். அடுத்த வருடமே அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

இப்போது கடவுள் வழக்கு. 2007 செப்டம்பரில் டக்ளஸ் கவுன்டி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். வெள்ளம், பூகம்பம், புயல் என்று உலக மக்களை அச்சுறுத்துவதைக் கடவுள் நிறுத்த வேண்டும், அதற்கு நிரந்தரத் தடையாணை வேண்டும் என்பது கோரிக்கை. அற்ப வழக்குகளைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும் என்று அப்போது பேச்சு நடந்தது. எது அற்பம் என்று முன்கூட்டியே யார் முடிவுசெய்வது, நீதிமன்றக் கதவு யார்மேல் வழக்குப்போடவும் யாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதைக் காட்டவே போட்டார். எதிராளிக்கு முகவரி இல்லை, அழைப்பாணை கொடுக்க முடியாது என்று 2008 அக்டோபரில் நீதிபதி தள்ளுபடி செய்தார். எல்லாம் அறிந்தவர் கடவுள் என்றால் இந்த வழக்கும் அவருக்குத் தெரிந்திருக்குமே என்று பதில் சொன்னார் சேம்பர்ஸ். விளம்பரம் கிடைத்தது, அது அவருக்குத் தெரியாமலும் இல்லை. ஆனால் 1919-இல் கும்பல் தீ வைத்தது அந்த நீதிமன்றக் கட்டடத்துக்குத்தான். அந்த ஊரில் வளர்ந்த ஒரு கறுப்பின மனிதர் அதன் கதவைப் பற்றிப் பேசும்போது நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

நீங்கள் மேலும் தெரிந்துகொள்ள விரும்பினால் முதலில் அந்த ஆவணப்படத்தின் சலூன் காட்சியைப் பாருங்கள். பிறகு 2015 மே 27 அன்று நடந்த அவை விவாதத்தைப் படியுங்கள். நெப்ராஸ்கா சட்டமன்றம் தன் விவாதங்களை எழுத்து வடிவில் எல்லாருக்கும் கிடைக்கும்படி வைத்திருக்கிறது. சலூனில் பேசியவருக்கு அப்போது 29 வயதுகூட முடிந்திருக்காது. அவையில் பேசியவருக்கு 77.